புகையிலிருந்து ஆப்பசோடா வரை: கார்பனைப் பிடிப்பது என்றால் என்ன?

"காற்றிலிருந்து பெட்ரோல் தயாரித்துவிட்டார்கள்" என்று ஒரு வீடியோ வரும். அடுத்த வாரமே "கார்பன் பிடிப்பு எல்லாம் பெரிய கம்பெனிகளின் ஏமாற்று வேலை" என்று இன்னொன்று வரும். இடையில், கடல்பாசி வளர்த்தால் கார்பன் கிரெடிட்டில், அதாவது கார்பனைக் குறைத்ததற்காகக் கிடைக்கும் சான்றை விற்பதில், லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று மண்டபம், தொண்டி பக்கம் யாராவது கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன: பிடித்த கார்பன் அப்புறம் எங்கே போகிறது, அங்கே எத்தனை காலம் தங்குகிறது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டு போகும். பத்தாம் வகுப்போடு வேதியியலை விட்டவர்களும் தாராளமாகப் படிக்கலாம். உதாரணங்களுக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது, வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போடுகிறார்கள், மண்டபத்தில் பாசி வளர்க்கிறார்கள். விஷயத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் கரையை ஒட்டியே கிடக்கிறது.

முதலில், எந்தக் கார்பன்?

கார்பன் ஒரு தனிமம். அடுப்புக்கரி பெரும்பாலும் அதுதான். மரம், டீசல், நம் உடம்பு எல்லாவற்றிலும் அது உண்டு. எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு, அதாவது கரியமில வாயு ஆகிறது. செய்திகளில் "கார்பன் உமிழ்வு" என்று வந்தால் அநேகமாக இந்த வாயுவைத்தான் சொல்கிறார்கள்.

லாரி பின்னால் வரும் கறுப்புப் புகையைக் காட்டி "எவ்வளவு கார்பன் போகுது பாருங்க" என்பார்கள். அந்தக் கறுப்பு, சரியாக எரியாத கரித்தூள். கரியமில வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அனல் மின் நிலையங்களின் புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் கருவி ஏற்கெனவே வேலை செய்கிறது. கரியமில வாயு அதன் ஊடே எந்தத் தடையும் இல்லாமல் வெளியே போய்விடும். "ஒரு ஃபில்டர் போட்டால் தீர்ந்தது" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இன்னொன்று, எடை. 12 கிலோ கார்பன் எரிந்தால் 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோ கரியமில வாயு ஆகும். நல்ல அடுப்புக்கரியில் முக்கால் பங்கு கார்பன் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ கரி மூட்டை எரிந்து முடியும்போது ஏறக்குறைய 55 கிலோ வாயு காற்றில் சேர்ந்திருக்கும். எரித்ததைவிட வெளியே போவது அதிகம் என்பது பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் கணக்கு அதுதான். உலகம் முழுக்க நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதாலும் சிமெண்ட் தயாரிப்பதாலும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியே வருகிறது.

பிடிப்பதில் என்ன கஷ்டம்?

மீன் கூட்டமாக நிற்கிற இடம் தெரிந்து வலை விட்டால், அன்றைய டீசல் காசு, ஐஸ் காசு, ஆள் கூலி எல்லாம் போக மிச்சம் நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரியும் மீனுக்காகக் கடலையே அரித்தால் டீசல் காசுகூடத் தேறாது. இரண்டு நாளும் படகு ஒன்றுதான், வலையும் ஒன்றுதான். மீன் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதில்தான் பாடு அமைகிறது.

கரியமில வாயுவைப் பிடிப்பதிலும் இதே கணக்குதான். வெளிக்காற்றில் அது மிக மிகச் சிதறலாக இருக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கரியமில வாயுவாக இருந்தது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியைச் சூடாக்க அது போதும் போதும். ஆனால் பிடிக்கப் போகிறவருக்கு 2,400 மூலக்கூறுகளைத் துழாவினால் ஒன்று கிடைக்கும். வழுதூர் மாதிரி எரிவாயு டர்பைனின் புகையில் நூற்றுக்கு மூன்று, நான்கு இருக்கும். நிலக்கரி அனல் மின் நிலையப் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு. சிமெண்ட் சூளையில் இருபதுக்கு மேல். அம்மோனியா உர ஆலையின் ஒரு குழாயில் மட்டும் கிட்டத்தட்ட சுத்தமான கரியமில வாயுவாகவே வரும்.

நெருக்கம் குறையக் குறைய ஒரு டன்னுக்கு ஆகும் செலவு ஏறும். நிலக்கரிப் புகையிலிருந்து ஒரு டன் பிடிக்க ஐம்பது முதல் நூறு டாலர் என்றால், நேரடியாகக் காற்றிலிருந்து பிடிக்க இன்றைக்குப் பல நூறு டாலர். காற்றிலிருந்தே பிடிப்பதை நேரடிக் காற்றுப் பிடிப்பு என்கிறார்கள். ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2021-இல் தொடங்கிய ஓர்கா ஆலையின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். நம்மூரில் ஒரு அனல் மின் நிலையம் சில மணி நேரத்தில் விட்டுவிடும் அளவு அது.

கோபுரத்துக்குள் நடப்பது

இன்று புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க அதிகம் பயன்படுவது அமீன் என்ற வேதிப்பொருள். அம்மோனியாவை அடிப்படையாகக் கொண்டது, காரத்தன்மை உள்ளது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம் ஆகும். காரமும் அமிலமும் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது பள்ளிப் பாடம். இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை அவ்வளவுதான்.

முதலில் புகையைக் குளிரவைத்து ஒரு உயரமான கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் கரைசல் தூறலாக இறங்கும். நாற்பது, ஐம்பது டிகிரி சூட்டில் கரியமில வாயு அமீனோடு ஒட்டிக்கொள்ள, நைட்ரஜனும் மற்றவையும் மேலே போய்விடும். வாயுவைச் சுமந்த கரைசலை அடுத்த கோபுரத்துக்கு அனுப்பி 120 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒட்டியது விட்டுவிடும். சுத்தமான கரியமில வாயு தனியாக வெளியே வரும். காலியான அமீன், ஆறியதும் முதல் கோபுரத்துக்கே திரும்பும். இப்படியே சுற்றிச் சுற்றி ஓடும்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. 1930-லேயே ராபர்ட் பாட்டம்ஸ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நிலத்தடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவில் கலந்திருக்கும் கரியமில வாயுவை நீக்கப் பல காலமாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சிக்கல் இரண்டாவது கோபுரத்தில் இருக்கிறது. அந்த 120 டிகிரிச் சூட்டுக்கு ஏராளமான நீராவி வேண்டும். மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்ற வேண்டிய நீராவியை இதற்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும். வாயுவை அழுத்தவும் மின்சாரம் வேண்டும். எல்லாம் சேர்த்து, ஒரு நிலக்கரி மின் நிலையம் தன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை இதற்கே கொடுக்க நேரும். அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் நிலக்கரி எரிக்க வேண்டும். மீன்பிடியில் டீசல் காசு என்றோமே, அது இதுதான்.

இப்போதைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தச் சூட்டுச் செலவைக் குறைப்பதற்காகவே நடக்கிறது. குறைந்த சூட்டிலேயே பிடியை விடும் புதிய கரைசல்கள், கரைசலே இல்லாமல் திடப்பொருளில் பிடிப்பது, கரியமில வாயுவை மட்டும் ஊடுருவ விடும் சவ்வுகள் என்று பல வழிகளில் முயல்கிறார்கள். திடப்பொருள்களில் பெரிதாகப் பேசப்படுவது உலோக-கரிமச் சட்டகம்: உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே கூடு கூடாக இடம் விட்டு உருவாக்கும் தூள். ஒரு கிராம் தூளுக்குள் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். கூட்டின் அளவை மாற்றி, எந்த வாயு உள்ளே தங்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். இதை உருவாக்கியதற்காகத்தான் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆய்வகத்தில் கிராம் கணக்கில் செய்வது சரி, புகைபோக்கிக்குத் தேவையான டன் கணக்கில் மலிவாகச் செய்வதுதான் இன்னும் பாக்கி.

இதுவரை சொன்னது இவ்வளவு: கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, சாதாரண வடிகட்டியில் சிக்காது. அது நெருக்கமாக இருக்கும் இடத்தில் பிடித்தால் செலவு குறைவு. பிடிப்பது எளிது, பிடித்ததைப் பிரித்தெடுக்கத்தான் சக்தி அதிகம் வேண்டும்.

தூத்துக்குடியில் நடந்தது

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உலக அளவில் பேசப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் திட்டம் 2016-இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது குறி. கரைசலைக் கொடுத்த கார்பன் கிளீன் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள். அரசு மானியம் இல்லாமல், "வெளியில் வாங்கும் வாயுவைவிட இது மலிவு" என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆலை இதைச் செய்ததுதான் அன்று செய்தியானது.

சோடா உப்புக்கு வேண்டியவை மூன்று: உப்பு, அம்மோனியா, கரியமில வாயு. உப்புக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக் கரைசலில் அம்மோனியாவைக் கலந்து கரியமில வாயுவைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் படிகமாகப் படியும். நம் அடுப்படியில் இருக்கும் ஆப்பசோடா அதுவேதான். அதைச் சூடாக்கினால் சலவைத்தூளுக்கும் கண்ணாடிக்கும் போகும் சோடா சாம்பல். கூடவே கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு உரமாகப் போகும். எதையும் வீணாக்காத ஏற்பாடு.

அளவையும் பார்த்துவிட வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். 1,050 மெகாவாட் தூத்துக்குடி அனல் மின் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். அதாவது அந்தச் சோடா ஆலை ஒரு வருஷம் முழுக்கப் பிடிக்கும் அளவை, அனல் மின் நிலையம் இரண்டரை நாளுக்குள் விட்டுவிடும். பக்கத்தில் இருக்கும் எல்லா மின் நிலையத்தின் புகையையும் சோடா உப்பாக்கினால் வாங்க ஆள் இருக்காது. பயன்பாடு என்ற வழியின் முதல் வரம்பு இது: நாம் விடும் வாயுவின் அளவுக்கு உலகத்தில் எந்தச் சரக்குக்கும் சந்தை இல்லை. கரியமில வாயுவை மூலப்பொருளாகப் பயன்படுத்தும் எல்லாத் தொழிலையும் சேர்த்தாலும், வெளியேறுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

எத்தனை காலம் தங்கும்?

இரண்டாவது வரம்பு காலம். பிடித்த வாயுவை வைத்து ஏதாவது பொருள் செய்வதைக் கார்பன் பயன்பாடு என்கிறார்கள். செய்த பொருளுக்குள் கார்பன் எத்தனை காலம் அடங்கி இருக்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

ஆப்பசோடாவையே எடுத்துக்கொள்வோம். மாவில் போட்டதும் ஆப்பம் பொங்கி ஓட்டை ஓட்டையாக வருவது, அதற்குள் இருந்த கரியமில வாயு வெளியேறுவதால். அனல் புகையில் பிடித்தது அடுப்படியில் விடுதலை ஆகிவிட்டது. சோடா சாம்பல் கண்ணாடி ஆலைக்குப் போனாலும் உலையில் உருகும்போது கரியமில வாயுவை விட்டுவிடும்.

யூரியாவின் கதையும் இதேதான். உலகில் கரியமில வாயுவை அதிகம் உட்கொள்ளும் தொழில் யூரியா தயாரிப்பு, ஆண்டுக்குச் சுமார் 13 கோடி டன். ராமநாதபுரம் கிணறுகளின் எரிவாயு 143 கிலோமீட்டர் குழாயில் தூத்துக்குடிக்குப் போகிறது. அந்தக் குழாய் 2021-இல் திறக்கப்பட்டது. அங்கே உர ஆலையில் எரிவாயுவிலிருந்து அம்மோனியா எடுக்கும்போது கரியமில வாயு பிரியும். அதை அம்மோனியாவோடு மறுபடி சேர்த்தால் யூரியா. மூட்டையாகி ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை வயலுக்கே திரும்பி வந்து, ஈரமண்ணில் விழுந்த சில நாளில் உடைந்து கரியமில வாயுவை விட்டுவிடும். பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் கிடைத்தது, நல்லது. கார்பன் கணக்கில் மட்டும் லாபம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் தங்குவது எதில்? கல்லில்.

கிளிஞ்சலைச் சூளையில் வைத்துச் சுட்டு நீற்றிச் சுவருக்குப் பூசிய காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறையைக்கூட வெட்டி எடுத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். அதனால் தீவுகளுக்கு வந்த கேடு தனிக்கதை, இன்று பவளப்பாறையைத் தொட்டாலே குற்றம். கிளிஞ்சல், பவளம், சுண்ணாம்புக்கல் எல்லாமே கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி நீற்றிச் சுவரில் பூசியபின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகும். ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சு எந்தக் காலத்திலோ காற்றிலிருந்து எடுத்ததை இன்னும் கெட்டியாக வைத்திருக்கிறது. ஆனால் அதே அளவு வாயுவைச் சூளை முதலிலேயே வெளியே விட்டிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

சிமெண்ட் பிரச்சினை இதன் பெரிய வடிவம். சிமெண்ட் ஆலையின் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல், எரிக்கும் நிலக்கரியிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. அதனால்தான் மின் நிலையங்களைவிட விருதுநகர், அரியலூர் பக்கமுள்ளது போன்ற சிமெண்ட் ஆலைகளுக்குத்தான் கார்பன் பிடிப்பு உண்மையிலேயே தேவைப்படும் என்று நினைக்கிறேன். நார்வேயின் பிரெவிக் நகரில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் ஏற்பாட்டோடு ஒரு சிமெண்ட் ஆலை 2025-இல் செயல்படத் தொடங்கிவிட்டது. மின்சாரத்துக்கு நம்மிடம் வேறு வழி இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. வெயிலும் காற்றும் இப்படிக் கொட்டும் கரையில் நிலக்கரியை எரித்து, அந்தப் புகையைப் பிடிக்க இன்னும் நிலக்கரி எரிப்பது எனக்குச் சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதாகத்தான் படுகிறது.

பிடித்த வாயுவைக் கான்கிரீட் கலவைக்குள் செலுத்தும் முறை வெளிநாடுகளில் வியாபாரமாகவே நடக்கிறது. கலவையில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது நுண்ணிய சுண்ணாம்புக்கல் துகளாகிவிடும். கட்டடத்தை இடித்தாலும் வெளியே வராது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் நேரடியாகத் தங்குவது என்னவோ கொஞ்சம்தான். ஆனால் கலவை வலுவாவதால் சிமெண்டைச் சற்றுக் குறைத்துப் போட முடிகிறது, பெரிய மிச்சம் அதில்தான்.

காற்றிலிருந்து எரிபொருள்: உண்மை எவ்வளவு?

அந்த வீடியோ விஷயத்துக்கு வருவோம். கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மெத்தனால் என்ற திரவ எரிபொருள் செய்யலாம், இதில் சந்தேகமே இல்லை. ஐஸ்லாந்தில் 2012-லிருந்து செய்தார்கள். சீனாவின் அன்யாங் நகரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் தயாரிக்கும் ஆலை 2022-இல் வந்தது. நம் நாட்டில் என்.டி.பி.சி. நிறுவனம் மத்தியப் பிரதேசத்து விந்தியாசல் அனல் மின் நிலையத்தில் நாளுக்கு 20 டன் வாயுவைப் பிடித்து மெத்தனால் ஆக்கும் சோதனையில் இறங்கியது.

கேட்க வேண்டியது, அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை. கரியமில வாயு எரிந்து முடிந்த பொருள். அதில் எடுக்கச் சக்தி எதுவும் மிச்சம் இல்லை. அதை மறுபடி எரியக்கூடியதாக்க, எரிந்தபோது வெளியேறிய சக்தியைவிட அதிகமாகத் திருப்பிப் போட வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அவ்வளவு ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய பத்தாயிரம் யூனிட் செலவாகும். அந்த ஒரு டன் மெத்தனாலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் 5,500 யூனிட்டுக்குச் சமம். இன்ஜினில் ஓட்டினால் அதிலும் பாதிக்குமேல் சூடாகவே வீணாகும். அந்த மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் வண்டி பல மடங்கு தூரம் ஓடும். அதனால் பைக்குக்கும் காருக்கும் இது வீண். பேட்டரியைச் சுமக்க முடியாத பெரிய கப்பலுக்கும் விமானத்துக்கும்தான் பொருந்தும்.

கப்பல் என்றதும் தூத்துக்குடி நினைவுக்கு வரும். வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலை 2025-இல் தொடங்கியது. சூரிய, காற்று மின்சாரத்தால் எடுத்தால் அது பசுமை ஹைட்ரஜன். கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துச் சூரிய மின்சாரம், தொழிற்சாலைக் கரியமில வாயு, துறைமுகம் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பதால் இந்தத் தொழில் தென்கோடியில் வேர் பிடிக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் கப்பலில் எரிந்தவுடன் வாயு வெளியே போய்விடும். ஒரே கார்பனை இரண்டு தடவை பயன்படுத்தினோம், இரண்டாவது தடவைக்கு வேண்டிய எண்ணெய் மிச்சமானது. அவ்வளவு லாபம்தான் இதில் பேச முடியும்.

ஆக, எந்தப் பொருளைக் காட்டினாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: கார்பன் அதில் எத்தனை காலம் தங்கும், செய்வதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது. ஆப்பசோடாவும் யூரியாவும் முதல் கேள்வியில் தோற்கின்றன. எரிபொருள், சூரிய மின்சாரம் இருந்தால் மட்டும் பாதி தேறும். கான்கிரீட் இரண்டிலும் தேறும், ஆனால் அளவு சின்னது.

பாசியும் கரிமூட்டமும்

செடிகள் பிடிப்பது கணக்கில் வராதா? வரும், இதே கேள்வியோடு. மண்டபம் பகுதியில் பெண்கள் மூங்கில் மிதவைகளிலும் கயிற்றிலும் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியை இன்றும் "பெப்சி பாசி" என்பார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. ஒரு டன் ஈரப்பாசியைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். அதிலும் கார்பன் கால் பங்கு அளவுக்குத்தான். ஆக ஒரு டன் ஈரப்பாசி எடுத்தது நூறு கிலோவுக்கும் குறைவான கரியமில வாயு. அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. சாப்பிட்டுச் செரித்ததும் கார்பன் காற்றுக்கே திரும்பிவிடும். பாசி வளர்ப்பு நல்ல பிழைப்பு, வலமாவூரில் அதற்கென்று பூங்காவே அமைகிறது. ஆனால் "கார்பனைப் பூட்டுகிறது" என்று சொல்லி யாராவது கிரெடிட் விற்க வந்தால் எந்தப் பூட்டு என்று கேளுங்கள். பாக் விரிகுடாவில் கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளின் சங்கதி வேறு. அங்கே கார்பன் வேரோடு சேற்றுக்குள் புதைந்து நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். படுகையைக் கிளறாமல் விட்டாலே போதும்.

கரிமூட்டம் இன்னும் சுவாரசியமானது. சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டி, விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, ஒரு வாயில் மட்டும் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் புகையும். முதலில் வருவது அடர்த்தியான வெள்ளைப் புகை, அது பெரும்பாலும் விறகின் ஈரம். போகப்போகப் புகை மெலிந்து நீலமாகும்போது வெந்துவிட்டது என்று அர்த்தம். மண்பூச்சில் வெடிப்பு விட்டால் உடனே ஈரமண் அப்பி அடைக்க வேண்டும். ராத்திரி அசந்து தூங்கிவிட்டால் காற்று புகுந்து கரி முழுக்கச் சாம்பல். காற்று இல்லாமல் வேகும்போது விறகின் மற்ற பொருள்கள் ஆவியாகிப் போய், கார்பன் மட்டும் கெட்டிப்பட்டு மிஞ்சும். விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரி கிடைத்தாலே நல்ல மூட்டம்.

அந்தக் கரியை ஓட்டல் அடுப்பில் எரித்தால் மரம் பிடித்த வாயு திரும்பிப் போகும். எரிக்காமல் பொடித்து வயலில் சேர்த்தால் அதுவே உயிரிக்கரி. விறகு போல மக்காது. மண்ணுக்குள் நூறு, நூற்றுக்கணக்கான ஆண்டு கிடக்கும், ஈரத்தையும் உரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் சேர்த்த கரிமண் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் கறுப்பாகவே இருக்கிறது. ஒரு டன் நல்ல கரியைப் புதைத்தால் சுமார் 2.75 டன் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்ததற்குச் சமம்.

நம் மாவட்டத்தில் இந்தத் துறை எந்த வடிவில் முதலில் வரும் என்று கேட்டால், கோபுரத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். மரமும் இருக்கிறது, தொழில் தெரிந்த கைகளும் இருக்கின்றன. தடை இரண்டு. எரிகரிக்குக் கிடைக்கும் விலை புதைகரிக்கும் கிடைக்க வேண்டும். கார்பன் கிரெடிட், அதாவது ஒரு டன்னைக் குறைத்ததற்கான விற்கத்தக்க சான்று, அந்த இடைவெளியை நிரப்பலாம். அப்புறம், மண்மூட்டப் புகையில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் போகின்றன. வேலை செய்பவர்களின் நெஞ்சையும் அதுதான் கெடுக்கிறது. புகையையே எரித்துவிடும் இரும்பு உலைகள் வந்தால்தான் கணக்கு நேராகும். இதைச் சாக்காக வைத்துச் சீமைக்கருவேலத்தைப் புதிதாக நடக் கிளம்பினால் ஊர் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது.

மிச்சத்தை எங்கே வைப்பது?

சந்தைக்கு மிஞ்சியதை நிலத்தடியில் செலுத்துவதே கார்பன் சேமிப்பு. நிதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2050-க்குள் இந்தியா ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கும் நிலைக்கு வரலாம் என்கிறது. இன்று உலகம் முழுக்க உள்ள ஆலைகளின் திறன் சுமார் ஐந்து கோடி டன். அந்த 75 கோடி டன்னையும் பொருளாக்க முடியாது என்று பார்த்துவிட்டோம், ஆகவே பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் போக வேண்டும்.

பெரிய குகை எதுவும் கீழே இல்லை. 800 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தில் வாயு கிட்டத்தட்டத் திரவம் போல் சுருங்கும். மணற்பாறையின் நுண்துளைகளில் இருக்கும் குடிக்க உதவாத உப்புநீரோடு அது கலந்து தங்கும். மேலே நீர் புகாத களிப்பாறை மூடியாக இருக்க வேண்டும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயுத் தளத்தில் 1996-லிருந்து கடலடியில் இப்படிச் செலுத்துகிறார்கள்.

கசிந்தால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரர்கள் கேட்பது நியாயம். கரியமில வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கினால் மூச்சை அடைக்கும். 1986-இல் கேமரூன் நாட்டு நியோஸ் ஏரி இயற்கையாகவே திடீரென்று வாயுவைக் கக்கி 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2020-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கரியமில வாயுக் குழாய் வெடித்துச் சட்டார்ஷியா ஊர்க்காரர்கள் 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆழத்துப் பாறையின் நுண்துளைகளிலிருந்து ஏரி மாதிரி ஒரேயடியாகக் கிளம்பிவர வழியில்லை. குழாயும் கிணறும்தான் பலவீனமான இடங்கள்.

ராமநாதபுரம் காவிரிப் படுகையின் தென்பகுதி. எரிவாயு பல லட்சம் ஆண்டு கசியாமல் கீழே கிடந்தது என்பதே அங்கே மூடிப்பாறை இருப்பதற்குச் சாட்சி. எரிவாயு தீர்ந்த கிணறுகளில் வாயுவைச் செலுத்தலாம் என்ற பேச்சு ஒருநாள் இங்கும் வரும். கடல்பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் பாக் விரிகுடாக் கடற்பசுக் காப்பகமும் இருப்பதால் நிலத்துப் பக்கம்தான் பார்ப்பார்கள். அப்போது கிராமசபையில் கேட்க வேண்டியவை: இதற்கு முன் தோண்டிக் கைவிட்ட ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றின் வரைபடமும் இருக்கிறதா, அவை எந்த ஆழம்வரை சிமெண்டால் அடைக்கப்பட்டிருக்கின்றன, செலுத்துவதை நிறுத்தியபின் எத்தனை ஆண்டு யார் செலவில் கண்காணிப்பார்கள்?